செதில் ஒட்டிய ஐஸ்

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
கின்சி வீதி முழுக்க ஜெனரேட்டர்கள் உறும
எங்களுடையது இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஆறு லீற்றர் கிருமி வளர்த்து, உடைத்து,
ஐந்து நாள் வடித்தெடுத்த புரதம்
விரல்நுனி அளவு.
சூடு ஏறினால்
பால்போலத் திரைந்துவிடும்.

நுஸ்ஹா பொரளைச் சந்தைக்கு ஓடினாள்.
எத்தனை கிலோ மீனுக்கு என்று கேட்டாராம் கடைக்காரர்.
மீன் வேண்டாம், ஐஸ் மட்டும்.
காசு வாங்கவில்லையாம்.

குழாய்களை அதற்குள் புதைத்துவிட்டு
இருட்டில் பிளேன்ரீ குடித்தோம்.
பிரியங்கர தொடங்கினான்:
"இந்தப் புரதத்தின் மடிப்புக்குள்ளே ஒரு பொந்து இருக்கு.
அதை அடைச்சால் கிருமியால் சுவர் கட்டேலாது."
எங்கள் எல்லாருக்கும் தெரியும்.
தெரிந்ததையே சொன்னால் நேரம் போகும்,
சொல்லட்டும்.

குழாயில் என் கையெழுத்து: கே-41.
பெரியாஸ்பத்திரி. சிறுநீர். பெண். வயது 29.
என்னைவிட ஒரு வயது குறைவு.
அதற்குமேல் எழுத அனுமதி இல்லை.
கொடுத்த மருந்து ஒன்றுக்கும் அசையாத கிருமி,
இப்போதும் கீழ்த்தட்டில் உயிரோடு.
அவள்?
அதைக் கேட்க
எங்களிடம் படிவம் இல்லை.

ஆறேகாலுக்கு வெளிச்சம் வந்தது.
அளந்தோம். பாதிதான் தேறியது.
"பாதி காணும், நாளைக்கு ஓட்டுவம்" என்றார் மேடம்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
நெடுநேரம்.

கையுறைக்குள்ளும் சூரை மணம்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன்.
பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்
ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலைத் திறந்தார்.