மூன்று வரை எண்ணத் தெரிந்த தெரு

பெயர் எதையும் எழுதவில்லை நான்.
உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு என்றேன்.
குழாயில் வருவது தேநீரின் நிறம் என்றேன்.
வெள்ளைச் சட்டையை நாலு தரம் அலசினால்
வேற சட்டை இல்லையா என்று டீச்சர் கேட்பதை எழுதினேன்.
பிறகு, துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
கணக்கை முடித்துவிட்டு வந்த கையோடு,
இரவு பதினொன்றரைக்கு, ஒரு வரி:
‘இந்த இரண்டு வருடத்தில்
மூன்று பெண்களுக்குக் கரு தங்கவில்லை.’

எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.
அந்தத் தூக்கத்தைத்தான்
இப்போது மன்னிக்க முடியவில்லை.

தெருவில் இருப்பது பதினொரு வீடு.
மூன்று வரை எண்ணத் தெரியாதவர் இங்கே யார்?

வியாழக்கிழமை மஞ்சக்குப்பத்திலிருந்து ஜீப் வந்தது.
ஏழு மாதம் மனு கொடுத்தும் வராத ஜீப்.
பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டி,
எடுத்துக்கொண்டு போனார்கள்.
சனிக்கிழமை முதல் லாரித் தண்ணீர்.
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்,
எட்டு வீட்டுக்காரர்கள்.

மனை வாங்கி விற்கும் கலியபெருமாள்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
“ஊர் மனசு புண்படுதும்மா. அந்த வரிய எடுத்துடு.”
ஊர் மனசு என்றபோது அவர் சட்டைப்பையில்
நாலாய் மடித்த மனை வரைபடம் தெரிந்தது.
எடுக்க மாட்டேன் என்றேன்.
சுலபமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும்.

அன்று சாயங்காலம் அஞ்சலாட்சி வந்தாள்,
வாங்கிப்போன சல்லடையைத் திருப்பித் தர.
அது எங்கள் சல்லடை இல்லை.
அவளுக்கும் தெரியும். வாங்கி வைத்துக்கொண்டேன்.
“நீ எழுதுனதுல பொய் ஒண்ணுமில்ல.
ஆனா அது என் வயித்துல நடந்துச்சு.
வீட்ல நான் தலசுத்தல்னுதான் சொல்லியிருந்தேன்.”

ஒரே வரி. எடு என்று இரண்டு பேர்.
ஒருவரிடம் மாட்டேன் என்ற அதே வாயைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

எடுத்தேன்.
கலியபெருமாள் டீக்கடையில் சிரித்தாராம்.
எட்டு வீடும் கேட்டது: எவ்வளவு குடுத்தாரு?
எட்டாம் நாள் லாரி வரவில்லை.
ஒன்பதாம் நாளும்.
தெற்கே காற்று திரும்பிய இரவு,
ஊறிப்போன தீக்குச்சி வாடை,
ஜன்னலைச் சாத்தியும் தலையணை வரை வந்தது.

அப்போது கதவு தட்டினாள்.
கையில் சல்லடை இல்லை.
“எழுது” என்றாள்.
“மூணுன்னு போடாத. அஞ்சலாட்சின்னு போடு.
மாசி மாசம்னு போடு.
பஸ்ல உக்கார முடியாம
பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போனேன்னு போடு.
அழுதேன்னு மட்டும் போடாத, நான் அழுவல.”

நான் தட்டத் தட்ட, தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.
‘பாவம்’ என்று ஒரு சொல் தானாக வந்து விழுந்திருந்தது.
அதை விரலால் காட்டினாள்.
அழித்தேன்.

“மத்த ரெண்டு பேர நீயே போய்க் கேளு.
என் பேரச் சொல்லிக் கேக்காத.”

போனேன்.
தில்லைக்கரசி காபி கொடுத்தாள்.
மத்தி விலை பேசினாள், தம்பிக்குக் கிடைத்த வேலை பேசினாள்,
டம்ளரை வாங்கிக் கழுவினாள்.
கேட்டது காதில் விழவே இல்லை அவளுக்கு.
அது ஒரு பதில்.
இன்னொரு வீட்டில் கதவைத் திறந்தது அவள் கணவன்.
லாரி எப்பண்ணே வரும் என்று கேட்டுவிட்டுத்
திரும்பினேன்.

மூன்று என்பது உண்மை.
ஒன்று என்று எழுதியிருக்கிறேன்.
ஒண்ணுதானே என்கிறார் கலியபெருமாள்.
அவருக்கும் எண்ணத் தெரியும்.