அடையாள அட்டைப் படம்

சிலைக்குழு தந்தது ஒரேயொரு படம்.
அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது.
ஆசைப்பிள்ளையரின் மற்றப் படங்கள் எல்லாம்
தொண்ணூற்றைந்தில்
வீட்டோடு போய்விட்டன.
தப்பியது இன்னொன்று உண்டு என்று கேள்வி:
கொண்டையும் மூக்குத்தியுமாய்
அரசி வேசத்தில்.
அதைச் செயலாளர்
என் கண்ணிலேயே காட்டவில்லை.

மூன்று இரவு அந்த முகத்தோடு இருந்தேன்.
விடிய விடியப் பாடி
அடுத்த ஊரில் நித்திரை கொண்டவனையும்
எழுப்பிய வாய் என்கிறார்கள்.
படத்தில் அது பூட்டின கடை.
சென்றியில் அட்டையை நீட்டி
"தொழில்?" என்று கேட்கையில்
"கமம்" என்று மட்டும் சொல்லத்
திறந்து மூடின உதடு.
இடது மூக்கில் ஒரு சின்னக் குழி.
படத்தின் ஊத்தையாக்கும் என்று நினைத்தும்
ஆணிமுனையால் ஒரு புள்ளி வைத்தேன்.

வாயைத் திறந்து வைக்கட்டோ என்று கேட்டேன்.
காகம் சுள்ளி வைக்கும் என்றார் தலைவர்.
மழைத்தண்ணி தேங்கும், நுளம்பு பெருகும்,
பீ.எச்.ஐ. வந்து தண்டம் எழுதுவார்
என்றார் பொருளாளர்.
ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்பினவர்
வட்ஸ்அப்பில் சொன்னார்:
சால்வை வடிவாய் விழவேணும்.

சால்வை வடிவாய் விழுந்தது.
மாலை நாலு, பேச்சு ஒன்பது.
திரை விலகச்
சங்கானைச் சந்தியில்
மீன்சந்தையைப் பார்த்தபடி
ஒரு கமக்காரன் நின்றான்
பொன்நிறப் பெயின்றில்.

ஒரு பிழை விட்டிருந்தேன்.
கம்பி கட்ட இடக்காதில் விட்ட துளையை
அடைக்க மறந்துபோனேன்.
மறதிதான். எழுதித் தரவும் தயார்.

வைகாசியில் குளவி ஒன்று
அதற்குள் மண் சுமந்தது.
உள்ளே தலை முழுக்க வெறும் கோறை.
அது சிறகடித்தால்
நெஞ்சு வரைக்கும் இரைகிறது.
மீன் வெட்டுகிற ஞானரத்தினம்தான்
முதலில் கத்தியை நிறுத்தினாள்.
"ஆள் சுதி பிடிக்குது, கேளுங்கோ."
பிறகு ஓட்டோக்காரர்.
பிறகு பள்ளிப் பிள்ளைகள்,
பீடத்தில் காது வைத்து, வரிசையாய்.

குழு கூடியது.
துளை உடன் அடைக்கப்படவேண்டும்.
கடிதம் வந்தது, றப்பர் முத்திரையோடு.

இன்று ஏணி வைத்து ஏறினேன்.
கிட்டத்தில் பார்க்க
மூக்குக் குழியில் பெயின்ற் தேங்கிக் காய்ந்து
ஒரு பொட்டுப் பொன்,
வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு.
காதுக்குள் குளவி இன்னும்
வேலையாய் இருந்தது.
கீழே ஞானரத்தினம்
பாதி வெட்டின அறக்குளாவோடு
அண்ணாந்து நிற்கிறாள்.
கரண்டியில் சீமெந்து
இறுகிக்கொண்டிருக்கிறது.