பதினேழாம் குழி

முதல் கத்தி ஒரு நோயாளியின் மடியிலிருந்து விழுந்தது.
சிப்பி கிழித்த பாதத்தோடு வந்தவர், ஏழு தையல்.
போகும்போது மறந்துவிட்டார்.
மூன்று மாதம் மருந்துப் பதிவேட்டின்மேல்
தாள் பறக்காமலிருக்க வைத்திருந்தேன்.
கேட்டு யாரும் வரவில்லை.
ஊசி போட ஆளில்லாத ஒரு மத்தியானம்
அலகின் பள்ளத்தில் நகம் வைத்து இழுத்தேன்.
பாதியில் ஒரு தயக்கம்.
பிறகு, டக்.

அந்த டக்குக்காகத்தான் மீதி நாற்பதும்.

தங்கச்சிமடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நான்.
“வெட்டுனதைத் தைக்கிற கையில
வெட்டுற சாமான் எதுக்கு சிஸ்டர்?”
என்றார் கம்பவுண்டர் முனியராஜ்.
அடுத்த வாரம் அவரே
கீழக்கரைக் காயலான் கடையில் ஒன்று வாங்கி வந்தார்:
மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளை ஆணி,
அலகில் யாரோ கீறிய ‘மு.சீ.’
முப்பது ரூபாய் என்றார்.
நாற்பது கொடுத்தேன், மு.சீ.க்காக.

உப்புக்காற்றுக்கு இரும்பென்றால் வெறி.
ஒரே ராத்திரியில்
சேலையில் பட்ட மஞ்சள்போல் புள்ளி வைத்துவிடும்.
மாத்திரை டப்பாக்களுக்குள் வருமே,
தின்னக்கூடாத குருணைப் பொட்டலம்,
அவற்றைச் சேர்க்கிறேன்.
தடுப்பூசி வந்த தெர்மாகோலில் குழி பறித்து
குழிக்கொரு கத்தி, கத்திக்கொரு பொட்டலம்.
கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு.
நல்லெண்ணெய் ஆகாது, பிசுக்கும்.
தேய்த்துப் பளபளப்பாக்குவதும் இல்லை.
கறுத்த அலகு கறுத்தே இருக்கட்டும்;
எத்தனை மீன், எத்தனை கயிறு, எத்தனை கொய்யாக்காய்.

பதினேழாவது வியாகுலத்தினுடையது.
பூவரசம் பிடி, வாலில் துளை,
துளையில் பச்சை நைலான் கயிறு.
தீட்டித் தீட்டி மூன்றாம்பிறையாகிவிட்ட அலகு.
மச்சினன் காலில் வலைக்கயிறு சுற்றி
கடல் அவனைக் கேட்டபோது
பல்லால் திறந்து அறுத்தது இது என்றார்.
நூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.
தடைக்காலம். வீட்டில் அரிசியில்லை என்பது
அவர் பேரம் பேசாததில் தெரிந்தது.

ஆனி பிறக்க ஒருநாள் இருக்கையில் வந்து நின்றார்.
“நாளைக்குக் கடலுக்குப் போறோம்.
அது இல்லாமப் படகுல கால் ஏற மாட்டேங்குது.
அடுத்த தடைக்குக் கொண்டாந்திருவேன் சிஸ்டர்.”
கைக்குக் கை கத்தி கொடுத்தால் பகை.
மேசைமேல் வைத்தேன்.
எடுத்துக்கொண்டார்.

நாலு வருசம் இப்படி.
சித்திரை பிறந்த மறுநாள் வரும்,
ஆனிக்கு முன்னால் போகும்,
வரும்போதெல்லாம் ஒரு நூல் மெலிந்திருக்கும்.
நூற்றிருபது கத்தி வைத்திருக்கும்
ராமநாதபுரத்து டிராயிங் மாஸ்டர்
என் பெட்டியின் வெற்றுக் குழியைப் பார்த்துக் கேட்டார்:
“இதென்னம்மா சேகரிப்பா, சத்திரமா?”
அவருடைய கத்திகள் எதுவும்
ஒரு வெங்காயம்கூட அரிந்ததில்லை.

ஐந்தாம் வருசம் சித்திரை பிறந்தது. வரவில்லை.
வைகாசி போனது.
பங்குனியிலேயே படகு அந்தக் கரையில் பிடிபட்டிருந்தது,
ஏழு பேரோடு.

ஆடிக்காற்றில் மணல் பறக்கும் ஒருநாள் வந்தார்,
தாடியோடு, படகில்லாமல்.
சட்டைப்பையிலிருந்து நூற்றைம்பது ரூபாய் எடுத்து
மேசைமேல் வைத்தார், கத்தியை வைப்பதுபோல.
நான் எடுக்கவில்லை.
அவரும் எடுக்கவில்லை.
மின்விசிறி ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தது.
பிறகு ஒரு காகிதத்தை மட்டும் கைக்குக் கை கொடுத்தார்:
பிடித்துவைத்த சாமான்களின் பட்டியல்,
உருண்டை உருண்டையாய் எழுத்து,
இரண்டு பேருக்குமே தெரியாத பாஷை.
“இதுல ஒரு வரி அதுதான் சிஸ்டர்.”

அந்தக் காகிதம் பதினேழாம் குழியில் இருக்கிறது,
மடித்து, பொட்டலத்தோடு.
எண்ணெய் போடும் ஞாயிறுகளில்
விரித்துப் பார்க்கிறேன்.
பதினொரு வரி.
நீளமானவை வலைக்கும் எஞ்சினுக்கும் போயிருக்கும்.
எட்டாவது குட்டை.
அதுவாக இருக்கலாம்.