பூ வைக்க இடமில்லாத தலை

மஞ்சக்குப்பத்துக் கடையில்
முதலில் அவர் எடுத்து நீட்டியது
ரோஸ் நிறத்தில் ஓர் அரைக் கிண்ணம்,
நெற்றியோரம் பட்டாம்பூச்சி.
"லேடீசுக்கு இதுதாங்க போகுது.
கொண்டை கலையாது."

நான் தாடையைத் தொட்டுக் காட்டினேன்,
இதையும் மூடுவதாக ஒன்று.

உள்ளே போய்த் தேடி
தூசி தட்டிக் கொண்டுவந்தார்.
கறுப்பு. பூசணிக்காய் அளவு.
போட்டுப் பார்த்தேன்.
கன்னம் இரண்டும் முன்னால் பிதுங்க
கண்ணாடியில்
வெல்லம் திருடி அகப்பட்ட பிள்ளைபோல் ஒருத்தி.
கூடவே முட்டிக்கு, முழங்கைக்கு,
கண்ணைக் குத்தும் பச்சையில் ஒரு ஜாக்கெட்.
"இந்தக் காசுக்கு
புது பிரஷ் செட்டே வாங்கலாம்க்கா"
என்றாள் ஜெசிந்தா.

என் தொழில் மணப்பெண் அலங்காரம்.
என் முகம்தான் என் போர்டு.
புருவத்தில் ஒரு மயிர் பிசகினாலும்
அடுத்த கல்யாணம் வேறொருத்திக்குப் போகும்.

ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு
ஆல்பேட்டையில் என்னைப் பார்க்க யார்?
லாரிதான்.
அதற்கும் அதுவரை என்னைத் தெரிந்ததில்லை.
கறுப்பு சுடிதார், கறுப்பு வண்டி, கறுப்பு ரோடு.
உரசிக்கொண்டு போகும்,
போன பிறகுதான் ஹாரன்.

பச்சை ஜாக்கெட் போட்ட முதல் ராத்திரி
பெண்ணையாற்றுப் பாலத்தில்
எதிரே வந்த கரும்பு லோடு
தூரத்திலேயே விளக்கைத் தாழ்த்தியது.
அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.
என்னைப் பெண் பார்க்க வந்த நான்கு வீட்டாரும்
அப்படிப் பார்த்ததில்லை.

போன தையில்
தவளக்குப்பத்து ஆதிலட்சுமி.
தாடைக்குக் கீழே
தார் ரோடு கையெழுத்துப் போட்ட இடம்.
ஆரஞ்சு தடவி, மேலே தோல் நிறம்,
அதற்கு மேலே பவுடர்.
"அந்த ஒரு நாள்தான்க்கா.
காலேஜ் ஆண்டு விழா, முடி செட் பண்ணியிருந்தேன்."
நிறத்தை மறைக்க என் பெட்டியில் வழி உண்டு.
மேட்டை மறைக்க இல்லை.
பக்கவாட்டில் விளக்கு விழுந்தால் தெரியும்.
போட்டோக்காரரைத் தனியே கூப்பிட்டு
இடப்பக்கம் போகாதீங்க என்றேன்.

ரிசப்ஷன் நாட்களில் மாலை வெயிலில் போவேன்.
முள்ளோடை தாண்டியதும்
ஓரமாய் நிற்பார்கள் பையன்கள்,
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டி
சைடு மிரரில் தலை சீவிக்கொண்டு.
எல்லைக்கு அந்தப் பக்கம்
மண்டை கொஞ்சம் கெட்டியாகிவிடும்போல.
ஒருவன் கத்தினான்,
"அண்ணே, வழி விடுண்ணே!"
அண்ணனாகவே ஒதுங்கினேன்.

முருங்கப்பாக்கத்து மண்டபத்தில் வாட்ச்மேன்
"பார்சலை அங்க வைப்பா" என்றார்.
வைத்தேன்.
கழற்றத் தொடங்கினேன்.
முட்டி, முழங்கை, கையுறை,
கடைசியாகத் தலை.
முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது,
புருவத்துக்கு மேலே சிவப்பாய் ஒரு கோடு.
பெண்ணின் அம்மா மேலும் கீழும் பார்த்தார்.
"நீங்களா மேக்கப்பு?"

அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.
பத்து நிமிஷம் குடுங்கம்மா என்று
பாத்ரூமில்
என் முகத்தை முதலில் போட்டுக்கொண்டேன்.
ஜெசிந்தாவுக்கும் ஒன்று வாங்கியாயிற்று.
தாடைப் பக்கம்
பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்.

கிளம்பும்போது
தாம்பூலப் பையோடு இரண்டு முழம் மல்லி.
வைக்கத் தலையில் இடமில்லை.
மிரர் கம்பியில் சுற்றிக்கொண்டேன்.
வழியெல்லாம் மணத்திருக்கும், எனக்குத் தெரியாது.
ரெட்டிச்சாவடி டீக்கடையில் நிறுத்தியபோது
பாதிப் பூ உதிர்ந்திருந்தது.
முகமூடியை ஒரு விரற்கடை உயர்த்தினேன்.
மீதிப் பாதி
உள்ளே வந்தது.