பி பக்கம்

பற்றறிக்குத் தடை.
ஒடெற் மர்சினாக்கைப் பாடவைத்தது
ஆய்வுகூடத் தவேந்திரனின் வலக்கை.

மல்லாவி ஆஸ்பத்திரிப் பின்சுவரோரம்
கவிழ்த்து வைத்த சைக்கிள்.
டைனமோவிலிருந்து இரண்டு வயர்.
ரேப் றெக்கோடர்.

கசற்றை விட்டுப்போனது பிரெஞ்சு டொக்ரர்.
பெரியம்மா என்றாள்,
தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.
அதற்குமேல் கேட்க நேரமில்லை,
வெளியே கிளிநொச்சிச் சனம்
காய்ச்சலோடு வரிசையில் நின்றது.

உறையில் முழுக்கப் பிரெஞ்சு.
எண்களும் ஊர்களும் மட்டும் பிடிபட்டன.
1946 லியோன். 1949 பரிஸ்.
1952இல் ஒரே வரிக்குள் மூன்று ஊர்.
1954 சைகோன்:
அப்படியென்றால் கொழும்பைத் தாண்டித்தான்
கப்பல் போயிருக்கும் என்றார் கிளாக்கர் அரியரத்தினம்,
ஏதோ தானே கையசைத்து அனுப்பியதுபோல.
நான் மருந்துக் களஞ்சியக்காரி,
காலாவதித் திகதி தேடிப் பழகிய கண்.
1959க்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஏ பக்கத்தில் இளையவள்.
மேலே போவாள், இன்னும் மேலே,
அங்கே ஒரு கதிரை கிடைத்ததுபோல
ஆறுதலாக இருந்துவிடுவாள்.
தவேந்திரனின் கை உளைந்தால்
பரிஸ் சீமாட்டி
ஒட்டுசுட்டான் லொறிச் சாரதி ஆகிவிடுவாள்.
குளோரோகுயின் கசந்த வாய்களோடு
வாட்டே சிரிக்கும்.

பி பக்கம், கடைசிப் பாட்டு.
ஏறி வந்த குரல் ஓரிடத்தில் கீறுப்பட்டு
அரை நொடி வெறும் மூச்சு.
பிறகு கீழிருந்து தொடங்குகிறது.

கையை எடுத்திட்டாய் என்றோம்.
இல்லையென்று திரும்பச் சுற்றினான்.
பேனையைச் செருகி
நாடாவைப் பின்னுக்கு எடுத்தது நான்.
அதே இடம்.
திருவருட்செல்வி நேர்ஸும் வந்து சேர்ந்து பிடித்தா.
சில்லு அலறியது,
ஒடெற்றின் வயதில் பத்து குறைந்தது,
அதே இடத்தில் அதே கீறல்.

பாட்டு முடிய அங்கே சனம் கைதட்டியது.
பலமாக இல்லை.
நோயாளியைக் கட்டிலில் இறக்கும்போது
எல்லாரும் ஒரு கை கொடுப்பார்களே,
அப்படி.

உறையைத் திருப்பி 1959ஐப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

தவேந்திரன் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை.
மலேரியாச் சிலைட்டுகள் காய்கிற நேரமெல்லாம்
பின்சுவருக்குப் போவான்,
பொரியலுக்கு வைத்த தேங்காயெண்ணெயில்
இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பான்.

"அவ பிழைவிடேல்லை, மிஸ்.
செயின்தான் நழுவுது."