இடது காலுறை

வலது காலுறைதான் முதலில் ஓட்டையாகும்.
ஏன் என்று தெரியாது,
சரிவில் நிற்கிறவர்களைக் கேட்க வேண்டும்.
மிஞ்சிய இடதுகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.
மழைக்கோட்டுப் பொத்தான் இரண்டு கண்,
உரச்சாக்கில் வெட்டிய பாவாடை.
காக்கிக் காலுறைக்கு மட்டும் கம்பளிநூல் மீசை,
அவர் சூப்பர்வைசர்.

கோத்தகிரிக்குக் கீழே
லயத்துப் பிள்ளைக்காப்பகத்தில் ராத்திரி ஏழுக்குத் தமிழ் வகுப்பு.
ஜார்க்கண்டிலிருந்து வந்து இருபது நாள்.
என்னைப் பார்த்து யாரும் வாய் திறக்கவில்லை,
காலுறையைப் பார்த்துத் திறந்தார்கள்.
தப்பாய்ச் சொன்னால் தப்பு பொம்மையுடையது,
சிரிப்பும் அதற்குத்தான்.

"சில்லறை இல்லையா, இறங்கு" என்றது கண்டக்டர் பொம்மை.
"இரு, இரு, தரேன்" என்று
மங்ரா நிஜமாகவே சட்டைப்பையைத் துழாவினான்.
எங்கே வலிக்கிறதென்று நர்ஸ் பொம்மையில் தொட்டுக் காட்டச் சொன்னேன்.
இடுப்பைத் தொட்டார்கள்.
எல்லோரும்.

மழை என்று சொல்லவைக்க நான்கு நாள் போனது.
"மலை பெய்யுது" என்றாள் எத்வாரி.
திருத்த வாயெடுத்து ஜன்னலைப் பார்த்தேன்.
எதிர்மலையைக் காணோம்.
தகரத்தின்மேல் சடசடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.
விட்டுவிட்டேன்.

கிழமைகள் நடத்தினேன்.
அவள் பெயருக்கே ஞாயிறு என்றுதான் பொருளாம், பிறந்த நாள் அது.
திங்கள் செவ்வாய் எதுவும் நாக்கில் நிற்கவில்லை.
"ஞாயிறு நான்" என்றாள்,
காலுறையை நெஞ்சில் வைத்து.

தலைமன்னாரில் கப்பலேறி
இந்த மலைக்கு வந்தபோது எங்கம்மாவுக்கு
மொழி இருந்தது.
தராசு முள்ளைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை
பேசியதில்லை.

புதன்கிழமை ஒரு பொம்மை குறைந்தது.

வியாழன் மதியம் இலை நிறுக்கிற இடத்தில்
முள் இருபத்தொன்றில் நின்றது,
நோட்டில் பதினெட்டு.
எத்வாரியின் ஸ்வெட்டருக்குள்ளிருந்து
காக்கியும் மீசையுமாய் வெளியே வந்தார் சூப்பர்வைசர்.
"மூணு கிலோ எங்க?"

நிஜ சூப்பர்வைசர்
அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தான் கண்களைப் பார்த்து
"ஈரத்துக்குக் கழிச்சாச்சு" என்றார்.

"இன்னிக்கு மலை இல்ல" என்றது பொம்மை.

அவர் தலைக்குப் பின்னால்
பளிச்சென்று நின்றது மலை,
சுள்ளென்ற வெயிலில், ஒவ்வொரு பாறையும் தெரிய.
வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
அவருக்குப் புரிந்துவிட்டது.

பென்சிலை நாக்கில் நனைத்தார்.
பதினெட்டை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஏதோ எழுதினார்,
மூன்றா, அவள் பெயரா
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.