தையல்

அப்கொட் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருசம்.
பேறுகாலப் பதிவேட்டில் என் கையெழுத்து
ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டது.
கிழியாமல் பெற்றவர்கள் உண்டு, கொஞ்சப் பேர்.
மற்றவர்களைத் தைத்திருக்கிறேன்,
கரண்ட் போன இரவுகளில்
யாரோ பிடித்த போன் வெளிச்சத்தில்.

ஆகவே, தாயே,
மார்கழி எட்டாந்தேதி
உபதேசியார் பர்னபாஸ்
பேறுக்கு முன்னும் கன்னி,
பேற்றிலும் கன்னி,
பேறுக்குப் பின்னும் கன்னி என்று
மூன்று விரல் மடக்கியபோது
நான் இரண்டாம் விரலில் நின்றுவிட்டேன்.

முதல் விரல் எளிது.
தூதன் கேட்டான், நீ சரியென்றாய்.
மூன்றாவதற்கும் பதில் உண்டு.
புதுச் சபைக்குப் போகும் ஜெசிந்தா மடக்கினாள்:
"இயேசுவுக்குத் தம்பிமார் இருந்தாங்களே, எழுதியிருக்கே?"
நம் லயத்தில் சின்னம்மா மகனும் தம்பிதான்.
கலியாண வீட்டில் எவரும்
எந்த வயிறு என்று விசாரிப்பதில்லை.
அவள் வாயடைத்தாள்,
அல்லது தேத்தண்ணி ஆறுகிறதென்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் விரல் என் தொழில்.

வேதத்தில் இல்லாத ஒரு பழங்கதை:
நம்பாத மருத்துவிச்சி ஒருத்தி
உன்னைச் சோதிக்கக் கை நீட்டினாளாம்.
கை கருகிற்றாம்.
பிள்ளையைத் தூக்கியதும் ஆறிற்றாம்.
பாவி என்கிறார்கள் அவளை.
எனக்கு அவள் கூட வேலை செய்கிறவள்.

அதே கிழமை வந்தாள் பெலிசித்தா,
கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவள்,
அவளுக்குப் பேறுகால லீவு கிடையாது.
கூடைக் கயிற்றின் தடம் நெற்றியில் இருந்தது.
புருசன் கதவருகே நின்று கேட்டான்:
"எப்ப அனுப்புவீங்க, சோறாக்க ஆளில்ல."
மாமியார் கேட்டாள்: "இதுவும் பொட்டப் புள்ளயா?"
கங்காணி ஆள் அனுப்பிக் கேட்டார்:
எத்தனை நாளில் மலைக்கு வருவாள்?
ஒவ்வொருவரிடமும்
அவளைத் திறக்க ஒரு சாவி.

நான்கு தையல் போட்டேன்.
கடைசி முடிச்சில்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"மிஸி, அப்படியே எல்லாத்தயும் தைச்சிருங்க."
சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கை கழுவினேன்.
தண்ணீர் வழக்கத்தைவிடச் சுட்டது.

கிழக்கு வாசல் பூட்டியே இருக்கும்,
ஆண்டவர் அதன் வழி வந்ததால்
வேறெவரும் நுழையார்:
தீர்க்கதரிசி சொன்னது தசையைப் பற்றியா?
சாமியார்கள் படித்தவர்கள், சொல்வார்கள்.
என் விரலுக்குத் தட்டுப்பட்டது இவ்வளவே:
பிள்ளை பெற்ற பிறகும் ஒருத்தி
எவர் செக்ரோலிலும் ஏறாமல் இருந்தாள்.
சூசையப்பர் வெளியே குளிரில் நின்றார்.
சோறு கேட்கவில்லை.

பள்ளிக்கூடத் தமிழில் பெண்ணுக்குத்
தையல் என்றொரு பேர் உண்டு.
வாத்தியார் அழகு என்றார்.
எனக்கு ஊசிதான் ஞாபகம் வரும்.

தாயே, அன்றிரவு
தொழுவத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால்
கை நீட்டியிருக்க மாட்டேன்.
வெந்நீர் வைத்திருப்பேன்.
பதிவேட்டில் ஒரு கட்டத்தை
வெறுமையாக விட்டிருப்பேன்.

பெலிசித்தாவின் கட்டத்தில் எழுதினேன்:
நான்கு.
பெண். இரண்டு கிலோ எழுநூறு.
இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு
தூங்குகிறது.
விரித்துப் பார்க்கப் போனவள்
விட்டுவிட்டேன்.